ஒரு விரல் மண்

பாலிக் புலாவ்
29 ஆகஸ்டு 1934

சவுந்தரத்துக்கு,

நான் இங்கே வந்து நாலு நாளாகிறது. முதல் மூன்று நாளும் வெயில்! மழையைப் படம் பிடி என்று என்னை மலைக்கு இந்தப்பக்கம் அனுப்பிவிட்டுத் துரை சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். மழையும் அவரோடு போய்விட்டது போலிருக்கிறது. ஜாதிக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில் காமிராவைத் துடைப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். நேற்று மத்தியானம்தான் வானம் கறுத்தது. அப்புறம் ஊற்றியது பார், தகரக் கூரை பிய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வேலை இதுதான். கொட்டகை வாசலுக்கு உள்ளே, நனையாமல் காமிரா. நாலு முழம் தள்ளி வெளியே இரண்டு கம்பம், நடுவே இழுத்துக் கட்டிய கறுப்பு வெல்வெட். அதன் ஓரத்தில் அங்குலம் போட்ட குச்சி. மழை நடுவில் விழுகிறது, நான் காமிராவின் ரப்பர் உருண்டையை அமுக்குகிறேன். கறுப்பில் வெள்ளையாகத் துளி விழும். குச்சியை வைத்துத் துரை துளியின் அளவு எடுப்பாராம். மழைத்துளி எத்தனை பெரியது என்று தெரிந்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஐம்பது நல்ல கண்ணாடிப் பிளேட் கொடுத்தால், அவருடைய வானிலை ஆபீசுக்கு என்னையே நிரந்தரப் படக்காரனாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆலங்கட்டி விழுவதை மட்டும் ஒன்று பிடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அது ஈடாம்.

பிளேட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பழ லாரி முனுசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் டவுனுக்கு வருவான். நீதான் கழுவ வேண்டும். வெளிச்சத்தில் பிரித்துவிடாதே என்று உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார்! இருட்டறையில் என்னைவிட நீ கெட்டிக்காரி என்று ஊருக்கே தெரியும், நான்தான் ஒத்துக்கொள்வதில்லை.

வெளிச்ச மருந்து டப்பாவைப் பற்றி மறுபடி கேட்காதே. அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். புனித அன்னம்மாள் பதக்கத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தவன் நான்.

உன்
பாக்கியநாதன்


சூலியா தெரு
5 செப்டம்பர் 1934

பிரியமுள்ள உங்களுக்கு,

பெட்டி வந்தது. கீழே கடையில் அலாவுதீன் பாய்தான் வாங்கி வைத்தார். "என்னம்மா, மழையப் படம் புடிக்கவா போயிருக்காரு? மழைக்கு என்ன கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன். மாடிப்படி ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் மூன்று மாதம் வீட்டை விட்டுப் போய் மழையைப் படம் பிடிக்கிறார் என்றால் எந்தப் பெண்பிள்ளை நம்புவாள்? நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் பிளேட்டைக் கழுவினதும் நம்பிவிட்டேன். உள்ளே நிஜமாகவே மழைதான் இருந்தது. பன்னிரண்டில் ஒன்பது தேறும். மற்ற மூன்றும் வெளிச்சம் போதாமல் மங்கிவிட்டன. படத்தின் அடியில் வழக்கம்போல ஒரு விரல் அகலத்துக்கு மண்ணை விட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பெண்ணாகட்டும், கப்பலாகட்டும், அடியில் ஒரு விரல் மண் தெரியாமல் உங்களுக்குப் படம் எடுக்க வராது. "காலுக்குக் கீழே மண் இல்லாட்டி அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கும்டி" என்பீர்களே. மழைக்குமா? எனக்கு அதைப் பார்த்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

டப்பாவைப் பார்த்தேன். ஆட்டியும் பார்த்தேன், கனமாகவே இருக்கிறது. கோபிக்காதீர்கள். போன வருஷம் அந்த மருந்து என் முந்தானையைப் பிடித்த அன்றிலிருந்து, அதைத் தட்டில் கொட்டிப் பற்றவைத்து மின்னல் காட்டுகிறவர் யாரைப் பார்த்தாலும் நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன்.

சவுந்தரம்


பாலிக் புலாவ்
21 செப்டம்பர் 1934

அன்பார்ந்த மனைவி சவுந்தரத்திற்கு,

இரு வாரங்களாகக் கடிதம் எழுத இயலாமற் போனமைக்கு வருந்துகிறேன். காமிரா முக்காலியின் மடிப்பில் வலது கைவிரல்கள் நசுங்கிவிட்டன. கவலைப்பட ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல முனுசாமி எழுதுகிறான்.

இத்துடன் பதினெட்டுப் பிளேட்டுகள் அனுப்பியுள்ளேன். இனிமேல் பிரிண்ட் அனுப்ப வேண்டியதில்லை. இங்குள்ள ஈரத்தில் அவை பாழாகின்றன. ஒவ்வொரு பிளேட்டிலும் எத்தனை துளிகள், தெளிவாக உள்ளனவா என்று எழுதினால் போதுமானது. நாலு முழ நீளமுள்ள நூற்கயிறு ஒன்று, முழத்திற்கு ஒரு முடிச்சு வீதம் போட்டு அனுப்பவும்.

நீ இங்கு வர எண்ண வேண்டாம். மலைப்பாதை வழுக்குகிறது.

இங்ஙனம்,
பாக்கியநாதன்


சூலியா தெரு
26 செப்டம்பர் 1934

உங்களுக்கு,

"போதுமானது", "இயலாமற் போனமைக்கு". ஒன்பது வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. எழுத்தும் முத்து முத்தாக, ஊதா மசியில், கோடு போட்ட மாதிரி நேராக வந்திருக்கிறது. பெண்பிள்ளை எழுத்து.

முனுசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு பெட்டி வந்து சேர்ந்ததற்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டேன். பெருவிரலை நீட்டுகிறான்! "அக்கா, நான் லாரி ஓட்றவன் லா. எனக்கு எழுத்து எங்க தெரியும்?" என்றான். "அப்ப இந்தக் கடுதாசிய யாரு எழுதினது?" என்றேன். கடிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தண்ணீரைக் குடித்தான். "லாரிய நடுரோட்டுல வுட்டுட்டு வந்துட்டேன் அக்கா" என்று ஓடிவிட்டான். எழுதத் தெரியாதவன் தலையில் எழுதுகிற வேலையைக் கட்டியிருக்கிறீர்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டாமா?

இன்னும் கேளுங்கள். பதினெட்டையும் கழுவினேன். துளி நன்றாகவே விழுந்திருக்கிறது, தெளிவு. ஆனால் பதினெட்டிலும் மண் இல்லை! வெல்வெட் நட்டநடுவில், குச்சி நட்டநடுவில், பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் கோடு போட்ட மாதிரி. இது நீங்கள் எடுத்த படம் இல்லை. உங்கள் கண் இதில் எங்கேயும் இல்லை. நாலு பிளேட்டின் மூலையில் விரல் பட்ட தடம் இருக்கிறது. ஒடுக்கமான விரல். உங்கள் பெருவிரல் எனக்குத் தெரியாதா? கண்ணாடி வெட்டிய தழும்பு குறுக்கே ஓடுமே. இந்த விரல் யாருடையது?

கயிறு அனுப்பியிருக்கிறேன், முடிச்சுப் போட்டு. எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை. யாரைக் கட்டி வைக்க என்று நானும் கேட்கவில்லை.

நாளைக்கே பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆனால் வரவேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு இந்தச் சவுந்தரம் போனதில்லை.


பாலிக் புலாவ்
3 அக்டோபர் 1934

அன்பார்ந்த சவுந்தரத்திற்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதங்களை எழுதுபவர் அடுத்த வீட்டு டோரதி டீச்சர். கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர், கைம்பெண். நீ வீணாகக் கற்பனை செய்வாய் என்றுதான் முனுசாமியின் பெயரைச் சொன்னேன். அது என் தவறு. கயிறு வந்து சேர்ந்தது.

மண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். துரைக்கு மழைதான் வேண்டும், மண் வேண்டாம். ஆகையால் மாற்றி எடுக்கிறேன். விரல் தடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி நம் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனதாக அலாவுதீன் பாய் முனுசாமியிடம் சொல்லியிருக்கிறார். யார் எடுத்தது? என் காமிராவுக்குப் பின்னால் எவனை நிறுத்தியிருக்கிறாய்? நான் கேட்காவிட்டால் சொல்லியிருப்பாயா?

பாக்கியநாதன்


சூலியா தெரு
11 அக்டோபர் 1934

டோரதி டீச்சர் வாசித்து, நீங்களும் வாசிக்க:

கல்யாணப் படத்தை எடுத்தது நான். எவனையும் நிறுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டால் ஊரார் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்கள், மூன்று மாதம் கழித்து வந்து நீங்கள் யாரை எடுப்பீர்கள்? பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக விழுந்திருக்கிறார்கள், அடியில் ஒரு விரல் மண்ணோடு. உங்களிடமிருந்து கற்றதை நானாவது விடவில்லை.

இனி நான் சொல்கிறேன். அன்றைக்கு மேகமூட்டம், கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சமே வரவில்லை. பெண் வீட்டார் நேரம் தப்புகிறது என்று பறக்கிறார்கள். என் பயத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். தட்டில் ஒரு சிட்டிகை கொட்டித் தீக்குச்சி வைத்தேன். பற்றவில்லை. இன்னொன்று வைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தொட்டு முகர்ந்தேன். சாம்பல்! நம் வீட்டு அடுப்புச் சாம்பல்! மருந்தைக் கொண்டுபோய்விட்டு, நான் ஆட்டிப் பார்ப்பேன் என்று தெரிந்து, அதே கனத்துக்குச் சாம்பலை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அன்னம்மாள் பதக்கத்தைத் தொட்ட கை, அடுப்புக்குள் போய் அள்ளியிருக்கிறது.

கதவு சன்னல் எல்லாம் திறந்துவிட்டு எப்படியோ எடுத்து முடித்தேன். அவர்கள் போனபிறகு கீழே உட்கார்ந்து அழுதேன். இதையும் டீச்சர் வாசித்துக்கொள்ளட்டும்.

சத்தியம் செய்து ஏமாற்றினவர், சாதாரணமாகச் சொல்வதை நான் எப்படி நம்புவது? விரல் நசுங்கினது நிஜமா? நசுங்கின விரல் ஒரு மாதமாகியும் ஆறாதா? இடது கையால் ஒரு கோடாவது இழுக்க வராதா? அடுத்த வீடு என்கிறீர்கள். தோட்டத்துக் கொட்டகைக்கு அடுத்த வீடு எங்கிருந்து வந்தது?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதுவரை இங்கே ஒரு பிளேட்கூடக் கழுவமாட்டேன். பெட்டி வந்தால் வந்தபடியே அலமாரியில் கிடக்கும், சாம்பல் டப்பாவுக்குப் பக்கத்தில்.

சவுந்தரம்


பாலிக் புலாவ்
19 அக்டோபர் 1934

சவுந்தரத்திற்கு,

செவ்வாய்க்கிழமை பகல் இங்கே ஆலங்கட்டி விழுந்தது. நாழிகைக் கணக்கில் இல்லை, ஐந்தாறு நிமிஷம்தான். தோட்டத்துக் கிழவர்கள்கூடப் பார்த்ததில்லை என்கிறார்கள். இந்தப் பெட்டியில் உள்ள பன்னிரண்டு பிளேட்டுகளில் ஒன்றில் அது இருக்க வேண்டும். விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மற்றவை மழை.

உன் கோபம் நியாயம். டப்பா விஷயத்தில் நான் செய்தது பெரிய பிழை. அதற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. இந்தப் பெட்டிக்கு மட்டும் கொடுக்காதே. இங்கே ஈரம், அங்கே சூடு. பத்து நாள் கிடந்தால் பிளேட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். வேறு யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். நீதான் கழுவ வேண்டும்.

நீ கேட்ட வரி தனித் தாளில் இருக்கிறது. என் கையால் எழுதியது.

பாக்கியநாதன்


சூலியா தெரு
24 அக்டோபர் 1934

உங்களுக்கு,

தனித் தாளைப் பார்த்தேன். "சவுந்தரம் நான் நன்றாக இருக்கிறேன்." எழுத்து உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் "நான்" என்பது "சவுந்தரம்" மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. "இருக்கிறேன்" சரிந்து சரிந்து தாளை விட்டே இறங்கிவிட்டது. கடைசி எழுத்து எந்த மேசைமேல் இருக்கிறதோ! கள்ளுக் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். இதுவரை இல்லாத பழக்கம், அதையும் அந்த ஊர் கற்றுக்கொடுத்துவிட்டது என்று நினைத்து, பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை.

நேற்று மனம் கேட்கவில்லை. படத்துக்காக இல்லை. உள்ளே யாராவது இருந்தால் பார்த்துவிடலாம் என்றுதான். இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். பதினொன்று அந்த ஒடுக்கமான விரலுடையது. நேராக, நட்டநடுவில், மண் இல்லாமல்.

பன்னிரண்டாவதில் முதலில் அடியில் ஒரு பட்டை வந்தது. ஒரு விரல் அகலம். நான் தட்டை ஆட்டுவதையே நிறுத்திவிட்டேன். மண் வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு மேலே புள்ளி புள்ளியாக ஏறியது.

இன்று காலை வெயிலில் பிரிண்ட் போட்டேன். கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால் ஆலங்கட்டிகள் அந்தரத்தில் நிற்கின்றன. எண்ணினேன், இருபத்தாறு. கொண்டைக்கடலை அளவில் சில, சுண்டைக்காய் அளவில் இரண்டு. ஒன்று மண்ணில் விழுந்து துள்ளி, தரைக்கு மேலே அரை அங்குலத்தில் நிற்கிறது. நீங்கள் மண்ணை விட்டதால்தான் அது படத்தில் இருக்கிறது. நீங்கள் எடுத்ததிலேயே உயர்ந்த படம் இதுதான். அலாவுதீன் பாய் பார்த்துவிட்டு, "இது ஆகாசத்துலேர்ந்து விழுந்ததாம்மா?" என்று மூன்று தரம் கேட்டார்.

இது உங்கள் கண். பதினொன்று அவளுடையது, ஒன்று உங்களுடையது. ஏன் ஒன்று மட்டும்?

இதை எழுதிவிட்டு உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். பிரிண்ட் வேண்டாம், பிளேட்டில் என்ன இருக்கிறது என்று எழுதினால் போதும் என்கிறீர்கள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு கேட்கிறீர்கள். சொல்லின்மேல் சொல் ஏறுகிறது. ஆலங்கட்டி விழுந்ததா இல்லையா என்று படம் எடுத்தவருக்கே தெரியவில்லை. இங்கே டப்பாவில் சாம்பல், மருந்து அங்கே.

மற்ற கேள்வியெல்லாம் இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கிறீர்களா, கேட்கிறீர்களா?

சவுந்தரம்


பாலிக் புலாவ்
28 அக்டோபர் 1934

சவுந்தரம்,

கேட்கிறேன்.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன், நான் எப்படிச் சொல்கிறேனோ அப்படியே எழுத வேண்டும், ஒரு எழுத்துத் திருத்தக்கூடாது என்று. சரி என்று தலையாட்டினாராம். ஆட்டினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள். நல்ல மழை, ஆனால் வெளிச்சம் இல்லை. மூன்று பிளேட் மங்கிவிட்டதென்று நீ எழுதியது மனசில் குத்திக்கொண்டே இருந்தது. மருந்தைத் தட்டில் கொட்டினேன். ஈரம் குடித்திருந்தது, மூன்று குச்சி போட்டும் பற்றவில்லை. முட்டாள், குனிந்து ஊதினேன். அவ்வளவுதான். பிறகு டீச்சர் வீட்டில்தான் கண் விழித்தேன். விழித்தேன் என்று சொல்லக்கூடாது. தோட்டத்துக் கொட்டகையில் என்னைத் தனியாக விடமாட்டோம் என்று அவரும் அவர் அம்மாவும் தங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கொடுத்தார்கள். காமிராவையும் அங்கேயே கொண்டுவந்து நட்டார்கள். அடுத்த வீடு என்று சொன்னதும் பொய்தான். விரலுக்கு ஒன்றும் இல்லை.

இடது கண் போய்விட்டது என்கிறார் டாக்டர். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிகிறது. கிறிஸ்துமஸ் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்பாய்? உன்னிடம் சத்தியம் செய்துவிட்டு மருந்தைத் திருடிக்கொண்டு வந்தவன் எந்த முகத்தோடு சொல்வான்? துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். உனக்குத் தெரிந்தால், குருடனுக்கு ஸ்டூடியோ எதற்கு என்று தோன்றிவிடும் என்று பயந்தேன். நான் இல்லாமலே ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தாயிற்று என்று முனுசாமி சொன்ன அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் எரிந்து விழுந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே கண் போயிற்று என்று தோன்றியது.

பள்ளிக்கூடம் விட்டபிறகு டீச்சர் ரப்பர் உருண்டையை அமுக்குவார். நான் சொல்லிக்கொடுத்தேன். மண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அது என் கழுத்தும் கையும் தானாகச் செய்கிற வேலை, சொல்லிக்கொடுக்கிற விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

ஆலங்கட்டி வந்த அன்றைக்கு டீச்சர் பள்ளிக்கூடத்தில், அவர் அம்மா காய் வாங்கப் பாசாரில். நான் தனியாக இருந்தேன். ஒரு மாதமாகக் கூரைத் தகரத்தைக் கேட்டுக் கேட்டுத் தூறல் எது பெருமழை எது என்று எனக்குப் பாடம். அன்றைக்குத் திடீரென்று காற்று ஜில்லென்றது. தகரத்தில் டக் என்று ஒன்று, யாரோ கல் விட்டெறிந்த மாதிரி. பிறகு ஒன்று. மழைக்கு அந்தச் சத்தம் கிடையாது. துழாவிக்கொண்டு ஓடினேன். உன் கயிற்றின் ஒரு முனை காமிராவில், மறு முனை கம்பத்தில். முடிச்சை எண்ணித் தூரத்தைச் சரி பார்த்தேன். காமிராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தேனாம், அதுகூட எனக்கு ஞாபகமில்லை, நீ எழுதினபிறகுதான் தெரிகிறது. டக் டக் என்று சத்தம் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது அமுக்கினேன். ஒரு பிளேட்தான் மாட்டியிருந்தது.

டீச்சர் உன் கடிதத்தை வாசிக்கும்போது, துள்ளிய கல் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன். அதை நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய், போதும்.

பாக்கியநாதன்


சூலியா தெரு
31 அக்டோபர் 1934

உங்களுக்கு,

பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆகையால் பயப்படாமல் கேளுங்கள். குருடனுக்கு ஸ்டூடியோ எதற்கு என்று நான் நினைப்பேனாம்! இதைவிட அந்த மருந்தை என் தலையில் கொட்டிக் கொளுத்தியிருக்கலாம். ஒன்பது வருஷமாக நாம் இருவரும் பாதி நாளை இருட்டறையில்தானே கழித்திருக்கிறோம்? அங்கே யாருக்குக் கண் வேண்டியிருந்தது? பிளேட்டில் மருந்துள்ள பக்கத்தை உதட்டில் ஒற்றிப் பார்த்துத்தானே நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னதை நான் நம்பப்போவதில்லை. நானே வந்து அவரிடம் கேட்பேன். இனிமேல் உங்கள் வாயிலிருந்து வருவது எதுவானாலும் எனக்கு இரண்டு சாட்சி வேண்டும். துரைக்கும் உள்ளதை எழுதிவிடுவோம், ஆலங்கட்டிப் படத்தோடு சேர்த்து. காமிராவை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்போது அமுக்குவது என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். அதைப் பார்த்தபிறகும் வேலை இல்லை என்றால் போகட்டும், டவுனில் கல்யாணங்களுக்குப் பஞ்சமா?

வெள்ளிக்கிழமை கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறுநாள் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் வருகிறேன்.

டோரதி டீச்சருக்கு: என் வீட்டுக்காரருக்கு நீங்களும் உங்கள் அம்மாவும் செய்ததை நான் மறக்கமாட்டேன். உங்களைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன். ஆனால் இதுவரை வாசித்தது போதும். இதோடு பிளேட் சுற்றுகிற கறுப்புத் தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அதில் மசி இல்லை, உங்களால் வாசிக்க முடியாது. அதை அவர் விரலில் கொடுத்துவிட்டு நீங்கள் தயவுசெய்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.

சவுந்தரம்


பாலிக் புலாவ்
1 நவம்பர்

சவுந்தரம்

இதை நானே எழுதுகிறேன் ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நடுவே குச்சியை வைத்து. ஏறியிருந்தால் நீயே இறக்கிப் படி.

ஊசியால் குத்தினதைத் தடவினேன். எழுத்து மேடு மேடாக நன்றாக வந்திருக்கிறது. முதல் வார்த்தைக்கே வெகுநேரம் ஆனது. புளுகா என்று ஆரம்பித்திருக்கிறாய். சத்தமாகச் சிரித்துவிட்டேன். செப்டம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

அடுத்த வரியையும் வாசித்தேன். நாலு தரம். என்ன எழுதியிருக்காங்க அண்ணே என்று டீச்சர் வாசலில் நின்று கேட்டார். மழை வருமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஒரு பொய்யை மட்டும் மன்னித்துக்கொள். குடை கொண்டு வா. பஸ் நிற்கிற இடத்துக்கு முனுசாமி என்னைக் கூட்டி வருவான்.